மாணவர் உண்டியல்

மாணவர் உண்டியல் அல்லது மாணவர் நாணயச் சேகரிப்பு என்பது, பள்ளி மாணவர்கள் தாங்களே பொறுப்பேற்று, முன்கூட்டி அறிவித்த ஒரு நோக்கத்துக்காகச் சில்லறை நாணயங்களைச் சிறுகச் சிறுகச் சேர்த்து நிதி திரட்டும் முறையாகும். பெட்டி வைப்பது, வகுப்புகளில் அறிவிப்பது, எண்ணுவது, பதிவது, வங்கியில் கட்டுவது, கணக்குச் சொல்வது ஆகிய வேலைகளை மாணவர் குழு செய்யும். ஆசிரியர் உடன் இருந்து மேற்பார்வை செய்வார். ஆசிரியரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போனால் அது வசூல். மாணவர் உண்டியல் ஆகாது.

திரளும் தொகை பெரும்பாலும் சிறியதே. ஆயினும் இம்முறை உலகின் பல நாடுகளில் நூறாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. தமிழ்நாட்டில் கொடிநாள் வசூல், சஞ்சாயிகா சேமிப்பு ஆகியவற்றின் வழியாகப் பல தலைமுறை மாணவர்களுக்கு இது அறிமுகமானது. திண்டுக்கல் மாவட்டத்தில் பழனியும் கொடைக்கானலும் அடங்கிய மலை வட்டாரத்துக்கோ, காசு சேர்த்துக் காணிக்கை செலுத்தும் பழக்கம் பள்ளிக்கூடங்களுக்கு முன்பிருந்தே உண்டு.

பழனி வட்டார வழக்கம்

பழனிக்கு வேண்டிக்கொண்ட குடும்பங்களில், ஒரு சொம்பிலோ தகரக் குவளையிலோ மஞ்சள் துணியை வாய்க்கட்டாகக் கட்டி, நடுவில் சிறு துளையிட்டு, பூசையறையில் வைத்துவிடுவார்கள். அன்றாடச் செலவில் மிஞ்சும் காசு அதில் விழும். தைப்பூசத்துக்கோ பங்குனி உத்திரத்துக்கோ மலையேறும்போது, பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கோயில் உண்டியலில் கொட்டுவார்கள். இடையில் என்ன அவசரம் வந்தாலும் அந்தக் காசைத் தொடுவதில்லை என்பது வீட்டுச் சட்டம். பெட்டியைத் திறக்கும் நாளும் இடமும் முன்பே முடிவு செய்யப்பட்டிருப்பதுதான் இம்முறையின் பலம். பள்ளி உண்டியலுக்கும் அதே விதி பொருந்தும்.

இன்னொரு வழக்கம் மடிப்பிச்சை. வசதி இருப்பவரும்கூட, மஞ்சள் உடுத்தி நாலு வீட்டு வாசலில் நின்று காசு வாங்கி, அதைக் கொண்டு பழனிக்குச் செல்வார். சொந்தப் பணத்தைக் கொடுப்பதைவிட, பலரிடம் கையேந்திப் பெற்ற சில்லறை தன்முனைப்பைக் கரைக்கும் என்பது இதன் உட்கருத்து.

பழனி மலைக்கோயிலில் உண்டியல் திறக்கும் நாள்களில் எண்ணும் பணியில் கோயில் ஊழியர்களோடும் வங்கி அலுவலர்களோடும் கல்லூரி மாணவர்களும் உட்காருவது வழக்கம். குவியலைத் தரம் பிரிப்பது, அடுக்குவது, பலர் கண்முன்னே எண்ணுவது என்று அங்கே நடக்கும் ஒழுங்கைப் பார்த்தவர்களுக்குப் பள்ளி உண்டியலை எண்ணுவது எப்படி என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

கொடிநாளும் சஞ்சாயிகாவும்

இந்தியாவில் 1949ஆம் ஆண்டு முதல் டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகிய மூன்று நிறங்கள் கொண்ட சிறு காகிதக் கொடி முப்படைகளைக் குறிக்கும். கொடியை வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டு காசு கொடுப்பது முறை. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர் உண்டியலில் பணம் செலுத்தித் தொடங்கிவைக்க, அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வசூல் நடக்கும். திரளும் நிதி முன்னாள் படைவீரர்கள், அவர்களுடைய குடும்பங்கள் ஆகியோரின் நலனுக்குப் பயன்படுகிறது.

கொடிநாளில் மாணவருக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு: கொடுத்த காசுக்குக் கையில் ஓர் அடையாளம் வருகிறது. குறையும் உண்டு. நோக்கம், தொகை, கணக்கு அனைத்தும் மேலிருந்து வருவதால் மாணவர் அதில் வாங்குபவராகவே நின்றுவிடுகிறார்.

சஞ்சாயிகா இதற்கு நேர்மாறானது. இது நன்கொடைத் திட்டமன்று. பள்ளிக்குள் மாணவர்களே நடத்திய சிறுசேமிப்பு வங்கி. மாணவர் கொண்டுவரும் சிறு தொகையை மாணவ எழுத்தர் பெற்று, பேரேட்டிலும் சேமிப்புப் புத்தகத்திலும் பதிவார். பொறுப்பாசிரியர் சரிபார்த்துக் கையொப்பமிடுவார். சேர்ந்த பணம் அஞ்சலகத்துக்கோ வங்கிக்கோ போகும். செப்டம்பர் 15 சஞ்சாயிகா நாளாகக் கொண்டாடப்பட்டது. அக்டோபர் 30 அன்று வரும் உலகச் சிக்கன நாளும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி வழியாகப் பழக்கமானதே. 1924இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாட்டிலிருந்து பிறந்த நாள் இது.

மாணவர் உண்டியலை நடத்த முற்படும் பள்ளிக்குக் கொடிநாளின் நோக்கமும் சஞ்சாயிகாவின் கணக்குமுறையும் சேர்ந்து கிடைத்தால் போதும். வேறு புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சில்லறையால் நடந்தவை

சிறு காசு பெருந்தொகையாவதற்குத் தமிழகத்திலேயே தெளிவான சான்று, கன்னியாகுமரி விவேகானந்தர் பாறை நினைவுச் சின்னம். ஏக்நாத் ரானடே தலைமையில் நடந்த நிதி திரட்டலில், அரசுகளும் செல்வர்களும் அளித்தது ஒருபுறமிருக்க, நாடெங்கும் லட்சக்கணக்கான எளிய மக்களிடமிருந்து ஆளுக்கு ஒரு ரூபாய் என்ற அளவிலும் நன்கொடை பெறப்பட்டது. நினைவுச் சின்னம் 1970 செப்டம்பர் 2 அன்று திறக்கப்பட்டது.

அமெரிக்காவில் 1938 சனவரியில், இளம்பிள்ளைவாத நோய்க்கு எதிரான நிதிக்காக ஆளுக்கு ஒரு டைம், அதாவது பத்து சென்ட் நாணயம், வெள்ளை மாளிகைக்கு அனுப்புமாறு வானொலியில் கேட்டுக்கொள்ளப்பட்டது. சில நாள்களில் அஞ்சல் மூட்டைகள் மலையாகக் குவிந்தன. வந்து சேர்ந்த டைம் நாணயங்கள் 26 லட்சத்து 80 ஆயிரம். மதிப்பு 2 லட்சத்து 68 ஆயிரம் டாலர். அந்த இயக்கம் தொடர்ந்து திரட்டிய நிதியின் துணையால்தான் ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி ஆய்வு நடந்து, 1955இல் தடுப்பூசி பயனுக்கு வந்தது. அமெரிக்க டைம் நாணயத்தில் 1946 முதல் ரூஸ்வெல்ட்டின் உருவம் இருப்பதற்கு, அவரும் அந்நோயால் பாதிக்கப்பட்டவர் என்பதும் இந்த இயக்கத்தைத் தோற்றுவித்தவர் என்பதும் காரணம்.

1950இல் பிலடெல்பியாவில் சில குழந்தைகள் காலிப் பால் அட்டைப்பெட்டிகளை ஏந்தி வீடுவீடாகச் சென்று காசு சேர்த்து யுனிசெஃப் அமைப்புக்கு அனுப்பினார்கள். முதல் ஆண்டில் சேர்ந்தது 17 டாலர். அது ஆண்டுதோறும் நடக்கும் பெரிய வழக்கமாக வளர்ந்தது. முதல் முயற்சியில் தொகை குறைவாக இருந்தால் சோர்ந்துபோகும் மாணவர் குழுவுக்கு இந்தப் பதினேழு டாலர் கதையைச் சொல்லலாம்.

நோக்கம்

‘ஏழைகளுக்கு உதவி’ என்று பொதுவாக எழுதி ஒட்டிய பெட்டி நிறையாது. குழந்தைகள் கண்ணால் பார்க்கக்கூடிய, முடிந்தது என்று சொல்லத்தக்க நோக்கம் வேண்டும். மேல்மலைக் கிராமப் பள்ளிகளை எடுத்துக்கொண்டால் இத்தகைய தேவைகளுக்குப் பஞ்சமில்லை. மழைக்காலத்தில் நனைந்துவரும் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை, குளிரில் குடிக்க வெந்நீர் கிடைக்க ஒரு கொதிகலன், நூலகத்துக்கு அகராதி, விளையாட்டுப் பொருள் என்று எத்தனையோ. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையையும் தாக்கி, மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன. அத்தகைய நேரங்களில் பேரிடர் நிதிக்காகவும் உண்டியல் வைக்கலாம். அதே ஆண்டு கேரள வெள்ளத்தின்போது, விழுப்புரத்துச் சிறுமி ஒருவர் சைக்கிள் வாங்கச் சேர்த்திருந்த ஏறத்தாழ 9,000 ரூபாய் உண்டியல் பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்தது நாடு முழுவதும் செய்தியானது.

பள்ளிக்கு அரசு செய்து தர வேண்டிய அடிப்படை வசதிகளை, அதாவது கழிப்பறை, கூரை, குடிநீர் இணைப்பு போன்றவற்றை, குழந்தைகளின் காசில் செய்ய முயல்வது சரியன்று. அவற்றுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், உள்ளாட்சி, ‘நமக்கு நாமே’ திட்டம், 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என வேறு வழிகள் இருக்கின்றன. ஒரு வகுப்பறைக் கூரைக்காக ஒரு ரூபாய் நாணயங்களைச் சேர்க்கத் தொடங்கினால், சேர்ந்து முடிவதற்குள் அந்த மாணவர்கள் பள்ளிப்படிப்பை முடித்திருப்பார்கள்.

நோக்கத்தை மாணவர் குழு முன்மொழிய வேண்டும். தலைமையாசிரியரின் எழுத்துவழி அனுமதியும், பள்ளி மேலாண்மைக் குழுவின் அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் ஒப்புதலும் பெற்றபிறகே பெட்டி வகுப்பறைக்குள் வரலாம். இலக்குத் தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகிய மூன்றும் அனுமதிக் கடிதத்திலேயே இடம்பெறுவது நல்லது. மூன்று வாரம் போதுமானது. அதற்குமேல் நீண்டால் ஆர்வம் குறையும், பெட்டியைக் காப்பதும் சிரமம். கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழையால் வருகைப்பதிவு ஏறியிறங்கும். ஏப்ரல் தேர்வு மாதம். எனவே சூலை, ஆகஸ்டு மாதங்களோ கொடிநாளை ஒட்டிய டிசம்பர் முதல் வாரமோ ஏற்றவை.

யாரிடம் கேட்பது, யாரிடம் கேட்கக் கூடாது

இந்த ஏற்பாட்டில் மிகவும் கவனம் தேவைப்படும் இடம் இதுவே.

ஒரே வகுப்பில் விடுதி நடத்துபவரின் பிள்ளையும், பூண்டுத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவரின் பிள்ளையும், பளியர் அல்லது புலையர் குடியிருப்பிலிருந்து நடந்துவரும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும். பெட்டி வரிசையில் கைமாறிவரும்போது காசு போடாத குழந்தையின் மேல் எல்லார் கண்ணும் விழும். மறுநாள் அந்தக் குழந்தை வீட்டில் அடம்பிடித்துக் காசு கேட்கும். அல்லது பள்ளிக்கே வராது. ஆதலால் பெட்டியை வரிசையில் சுற்றவிடக் கூடாது. நடைபாதையிலோ நூலக வாசலிலோ ஓரிடத்தில் வைத்துவிட வேண்டும். போடுகிறவர் போடட்டும், யார் போட்டார், யார் போடவில்லை என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போலப் பெயரும் தொகையும் எழுதும் வழக்கம் இங்கே உதவாது. மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதற்குப் பெயர் தேவை. உண்டியல் காசுக்குத் திருப்பிச் செலுத்துதல் இல்லை. எனவே வகுப்புவாரியாகவோ பள்ளி மொத்தமாகவோ தொகையை எழுதினால் போதும். ‘குறைந்தது பத்து ரூபாய் கொண்டுவர வேண்டும்’ என்ற அறிவிப்பு வந்தால் அது நன்கொடை அல்ல, கட்டணம். கட்டாய வசூலுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை.

வகுப்புகளுக்கிடையே போட்டி வைப்பதும் பல நாடுகளில் உண்டு. ஒரு வகுப்பின் பெட்டியில் சிறு நாணயம் விழுந்தால் மதிப்பெண் கூடும், எதிர் வகுப்பின் பெட்டியில் ரூபாய்த் தாள் போட்டால் அவர்களுக்கு மதிப்பெண் குறையும் என்ற வேடிக்கையான விதியும் அதில் இருக்கும். தொகை வேகமாகத்தான் சேரும். ஆனால் வெற்றி பெறுவது வசதியான வகுப்பே. அதைவிட நாணயக் கோடு நல்லது. விளையாட்டுத் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதன்மேல் நாணயங்களை ஒட்டி ஒட்டி அடுக்கிக்கொண்டே போவது இது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு ரூபாய் நாணயம் நாற்பது வைத்தால் ஒரு மீட்டர். நூறு மீட்டர் ஓடுகளத்துக்கு 4,000 நாணயம், 8,000 ரூபாய். யாருடைய நாணயம் எது என்று தெரியாமல் பள்ளி முழுவதும் ஒரே கோட்டை நீட்டுகிறது. கணக்குப் பாடமும் அதிலேயே நடந்துவிடும்.

கொடைக்கானலில் இன்னொரு சபலம் உண்டு: சுற்றுலாப் பயணிகள். ஏரிக்கரையிலும் கோக்கர்ஸ் வாக்கிலும் சீருடையணிந்த பிள்ளைகள் பெட்டியோடு நின்றால் பணம் விரைவில் சேரும் என்று யாருக்கும் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. பொது இடத்தில் குழந்தைகளை நிறுத்திப் பணம் கேட்கச் செய்வது 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின்படி சிக்கலுக்கு இடமளிக்கும். வாகன நெரிசல், அறிமுகமில்லாதவர்களின் பேச்சு, கையில் பணம் என்று ஆபத்துகளும் பல. பயணிகளிடம் பெறத்தான் வேண்டுமென்றால், பள்ளி விழாவுக்கு வரும் விருந்தினருக்கென வாசலில் ஒரு பெட்டியும், அருகில் ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும்.

பெட்டி

தகர டப்பா, மண் உண்டியல், தடித்த அட்டைப்பெட்டி எதுவும் ஆகும். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலை வெட்டி உண்டியலாக்கும் யோசனை கொடைக்கானலுக்குப் பொருந்தாது; ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களையே அங்கே தடை செய்திருக்கிறார்கள். மலையைக் காக்கும் ஊரில் அதையே எடுத்து மேசைமேல் வைப்பது அழகன்று.

புழக்கத்தில் உள்ளவற்றில் 10 ரூபாய், 20 ரூபாய் நாணயங்கள் 27 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. ஆகவே துளையின் நீளம் மூன்று சென்டிமீட்டர் இருந்தால் எல்லா நாணயங்களும் நுழையும். அகலம் அரை சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கவிழ்த்தாலும் எளிதில் கொட்டாது. மூடியின்மேல் காகிதப் பட்டை ஒட்டி, அதன் குறுக்கே தலைமையாசிரியர், ஒரு பெற்றோர், மாணவர் குழுத் தலைவர் ஆகிய மூவரும் கையொப்பமிட வேண்டும். பட்டை கிழிந்தால் தெரிந்துவிடும். மாலையில் பெட்டி அலுவலக இரும்பு அலமாரிக்குள் போக வேண்டும். எத்தனை மணிக்கு யார் கொண்டுவந்து வைத்தார், காலையில் யார் எடுத்துச் சென்றார் என்று ஒரு நோட்டில் எழுதுவது மாணவர் வேலை.

எண்ணுதல்

நாணயத்தை எடைபோட்டு எண்ணலாமே என்று உடனே தோன்றும். இந்திய நாணயங்களில் அது எளிதன்று. 2011 வரிசை ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 3.79 கிராம், 2019 வரிசை ஒரு ரூபாயின் எடை 3.09 கிராம். புதிய நாணயம் ஆயிரத்தைத் தராசில் வைத்து, பழைய எடையால் வகுத்தால் 815 ரூபாய் என்று விடை வரும். 185 ரூபாய் கணக்கில் காணாமற்போகும். இதைவிடக் குழப்பமான செய்தி ஒன்று. கைமுத்திரை பொறித்த பழைய எஃகு ஒரு ரூபாயும் 2011 வரிசை இரண்டு ரூபாயும் விட்டத்தில் ஒன்றே, 25 மில்லிமீட்டர். எடையிலும் ஒன்றே, 4.85 கிராம். தராசுக்கும் விரலுக்கும் இரண்டும் ஒன்றுதான். கண்ணால் பார்த்தே பிரிக்க வேண்டும். பார்வைக் குறையுடையோர் இத்தகைய நாணயங்களால் பட்ட தொல்லையை மனத்தில் வைத்தே, 2019இல் வந்த வரிசையில் மதிப்பு உயர உயர எடையும் கூடுமாறு செய்து, 20 ரூபாய் நாணயத்தைப் பன்னிரு பக்கங்களுடன் வடிவமைத்தனர்.

எண்ணுவதற்குத் தரையில் ஜமுக்காளம் விரித்து வட்டமாக உட்காருவது சிறந்தது. மேசையில் எண்ணினால் உருண்டோடும் நாணயத்தைத் தேடுவதற்கே பாதி நேரம் போய்விடும். மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானல் காலை நேரத்தில் உலோகம் பனிக்கட்டிபோல் சில்லிட்டிருக்கும். நண்பகலுக்குப் பின் வைத்துக்கொண்டால் குழந்தைகளின் விரல் விறைக்காது.

முதலில் 1, 2, 5, 10, 20 என்று தனித்தனிக் குவியல். பிறகு பத்துப் பத்தாக அடுக்கு. பத்து அடுக்கு சேர்ந்தால் நூறு நாணயம். ஒரு சிறு பைக்குள் போட்டு மதிப்பையும் எண்ணிக்கையையும் எழுதிய சீட்டை உள்ளே இடவேண்டும். ஒருவர் எண்ண, இன்னொருவர் மறுபடி எண்ண, மூன்றாமவர் எழுத வேண்டும். இருவரின் எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் எழுதுபவர் எழுதுவார். ஒத்துவராவிட்டால் யார் தவறு என்று பேசிக்கொண்டிருக்காமல் அடுக்கைக் கலைத்து மீண்டும் எண்ணுவதே வழி.

பெரிய கோயில்களில் காணிக்கை எண்ணுவோர் பை இல்லாத உடையணிய வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. பள்ளியில் பிள்ளைகளின் பையைத் தடவிப் பார்ப்பது அவர்களை அவமதிப்பதாகும். அதற்குப் பதிலாக, திறந்த பெட்டியோடு எவரும் தனியே இருக்க நேராதபடி ஏற்பாடு செய்தால் போதும். அந்த ஏற்பாடு ஆசிரியருக்கும் சேர்த்துத்தான். காசு குறைந்தால் முதலில் சந்தேகிக்கப்படுவது எப்போதும் அந்த வகுப்பிலேயே ஏழ்மையான பிள்ளை. சந்தேகத்துக்கே இடமில்லாமல் நடத்துவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் நியாயம். எண்ணி முடித்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

எடையைக் கணக்கிட உதவாத தராசு, சுமையைக் கணக்கிட உதவும். ஒரு ரூபாய் 1,000, இரண்டு ரூபாய் 1,000, ஐந்து ரூபாய் 400 என்று 5,000 ரூபாய் சேர்ந்திருப்பதாகக் கொள்வோம். 2011 வரிசை எடைப்படி முறையே 3.79, 4.85, 2.4 கிலோ, மொத்தம் 11 கிலோவுக்குச் சற்றே அதிகம். மலைப்பாதையில் ஒரு பிள்ளையின் தோளில் ஏற்றக்கூடிய சுமையன்று அது.

வங்கியில் கட்டுதல்

ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்புமுள்ள நாணயங்கள், 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு கொடுக்கல் வாங்கலில் 1,000 ரூபாய் வரை சட்டப்படி செல்லும். ஐம்பது காசு நாணயம் பத்து ரூபாய் வரை செல்லும். கடைக்காரர் அதற்குமேல் வாங்க மறுக்கலாம் என்பதே இதன் பொருள். வங்கியில் கணக்கில் கட்டுவதற்கு இந்த வரம்பு இல்லை. வாடிக்கையாளரிடமிருந்து எவ்வளவு நாணயத்தையும் வங்கிகள் பெற்றுக்கொள்ளலாம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களை நூறு நூறாகப் பையிலிட்டுக் கொடுப்பது காசாளருக்கும் வாடிக்கையாளருக்கும் வசதி என்று ரிசர்வ் வங்கியே கூறியிருக்கிறது. மேலே சொன்ன நூறு நாணயப் பைகளின் பயன் இதுதான். ஆனாலும் முதல் நாளே கிளைக்குப் போய்க் கூட்டமில்லாத நேரத்தையும் கட்டணம் ஏதும் உண்டா என்பதையும் கேட்டுவருவது நல்லது. ஞாயிறு சந்தைக்கு மறுநாள் காலையில் மூட்டையோடு போய் நின்றால் காசாளரின் முகம் மலராது.

பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தி தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் உலவியது. பேருந்திலும் பெட்டிக்கடையிலும் வாங்க மறுத்தார்கள். பதினான்கு வடிவங்களில் வந்த எல்லாப் பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று 2018 சனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. கடையில் மறுக்கப்பட்ட அந்த நாணயங்கள் உண்டியலுக்கு வருவதுண்டு. மாணவர்கள் தயங்காமல் எண்ணிக் கட்டலாம்.

பணம் பள்ளியின் அல்லது மேலாண்மைக் குழுவின் கணக்கில்தான் செல்ல வேண்டும். ஆசிரியர் ஒருவரின் சொந்தக் கணக்கில், ‘இரண்டு நாளில் எடுத்துத் தருகிறேன்’ என்ற பேச்சோடுகூடப் போடக் கூடாது. கைப்பேசி வழியே பணம் அனுப்ப விரும்பும் பெற்றோருக்கும் அந்தக் கணக்கையே தர வேண்டும்.

கணக்குச் சொல்லுதல்

1994இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ரிவர் ஃபால்ஸ் என்ற ஊரில், ஒரு தொடக்கப்பள்ளியின் குழந்தைகள் 62,340 பென்னி நாணயங்களைச் சேர்த்தார்கள். பாகிஸ்தானின் மலைக்கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடம் கட்ட முயன்ற கிரெக் மார்டென்சன் என்ற மலையேறிக்கு அதைக் கொடுத்தார்கள். அதிலிருந்து ‘அமைதிக்காகப் பென்னிகள்’ என்ற திட்டம் வளர்ந்து ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. 2011இல் அவருடைய நூலின் சில பகுதிகளும் அறநிலையத்தின் செலவுகளும் கேள்விக்குள்ளாயின. மொன்டானா மாநிலத் தலைமை வழக்கறிஞர் விசாரித்தார். 2012இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி மார்டென்சன் ஏறத்தாழ பத்து லட்சம் டாலரை அறநிலையத்துக்குத் திருப்பிச் செலுத்த வேண்டியதாயிற்று. அந்த அறநிலையம் மலைப்பகுதிகளில் பள்ளிகளைக் கட்டியதும் உண்மை. கணக்கு ஒழுங்காக இல்லை என்பதும் உண்மை. பென்னி சேர்த்த குழந்தைகளுக்கு ஆசிரியர்கள் இதை எப்படி விளக்கியிருப்பார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நல்ல எடுத்துக்காட்டும் அந்நாட்டிலேயே இருக்கிறது. 1885இல் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதாதபோது, ஜோசப் புலிட்சர் தம் நாளிதழில், எவ்வளவு சிறு தொகை கொடுத்தாலும் கொடுத்தவர் பெயரை வெளியிடுவதாக அறிவித்தார். சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடமிருந்து ஒரு லட்சம் டாலருக்கும் அதிகமாகச் சேர்ந்தது. பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. கொடுத்தவர்களில் பள்ளிக் குழந்தைகளும் உண்டு. பள்ளிக்குள் பெயர் வெளியிடுவது பொருந்தாது என்பது மேலே கூறப்பட்டது. ஆனால் வாரந்தோறும் மொத்தத் தொகையை வெளியிடும் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கு அறிக்கை ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்த மதிப்பில் எத்தனை நாணயம், மொத்தம் எவ்வளவு, எந்த நாளில் எந்தக் கணக்கில் கட்டப்பட்டது, என்ன வாங்கப்பட்டது, என்ன விலை, மிச்சம் எவ்வளவு, அந்த மிச்சம் எங்கே இருக்கிறது. கடைச் சீட்டின் படியும் வங்கிச் செலுத்துச் சீட்டின் படியும் பக்கத்தில் ஒட்டப்பட வேண்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர் குழுத் தலைவர் அதை வாசித்து, அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் தொங்கவிட வேண்டும். இலக்கு எட்டப்படவில்லை என்றால் அதையும் வாசிக்க வேண்டும். பத்துக் கம்பளிச் சட்டைக்குத் திட்டமிட்டு ஆறுக்குத்தான் பணம் சேர்ந்தது என்றால், ஆறு பேர் யார் என்பதை எந்த அடிப்படையில் முடிவு செய்தார்கள் என்பதும் அறிக்கையில் இருக்கலாம். பெறுகிறவர்களின் பெயர் மட்டும் வேண்டாம். சட்டையை மேடைக்கு அழைத்துப் படம் எடுத்துக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். அலுவலக அறையில் அளவு பார்த்துக் கொடுத்தால், அந்தப் பிள்ளை மறுநாள் மற்றவர்களைப் போலவே அணிந்துவரும்.

செல்லாத காசுகள்

எந்த உண்டியலிலும் கடைசியில் ஒரு கைப்பிடி மிஞ்சும். 25 காசும் அதற்குக் குறைந்த மதிப்புள்ள நாணயங்களும் 2011 சூன் 30 முதல் செல்லாதவை ஆயின. பாட்டியின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து வந்த அறுகோண மூன்று காசு, தாமரை பொறித்த பித்தளை இருபது காசு, 1957 ஏப்ரலில் தசம முறை வந்தபோது வெளியான ‘நயா பைசா’ எல்லாம் தலைகாட்டும். வெளிநாட்டுப் பயணிகள் வந்துபோகும் கொடைக்கானலில் யூரோ சென்ட்டும் இலங்கை ரூபாயும்கூட வரும். இவற்றை மொத்தத்தில் சேர்க்காமல், எத்தனை என்று மட்டும் அறிக்கையில் குறித்து, சமூக அறிவியல் ஆசிரியரிடம் ஒப்படைத்துவிடலாம். ஒவ்வொன்றின் கீழும் ஆண்டு, உலோகம், நாடு ஆகியவற்றை எழுதி அட்டையில் ஒட்டினால், அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு அது பாடத் துணைக்கருவியாகும்.